லெக்சர் ஹாலில் நடுக்கம், ஹோஸ்டலில் புழுக்கம்: வகுப்பறை வெப்பநிலையை யாரிடம் முறையிடுவது?

செந்தூல்காரி | திங்கள், இரவு 9.12

வணக்கம். கோலாலம்பூரில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. மற்ற இடங்களில் படிக்கும் தோழிகளும் இதையேதான் சொல்கிறார்கள்.

காலை எட்டு மணிக்கு விரிவுரை. முந்நூறு பேர் உட்காரக்கூடிய மண்டபம். வருவது அறுபது, எழுபது பேர். உட்கார்ந்து கால் மணி நேரத்தில் விரல் நுனி விறைக்க ஆரம்பித்துவிடும். போன வாரம் ஒரு சின்ன தெர்மோமீட்டரை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். 19.5 டிகிரி. பத்து மணிக்கு வெளியே வந்தால் 30 டிகிரி. கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஈரம் படர்ந்து படிக்கட்டே தெரியாது. நின்று துடைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அன்றே மதியம் இரண்டு மணிக்கு மூன்றாவது மாடியில் டுடோரியல். மேற்குப் பார்த்த அறை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு பக்கத் தோள் வெயிலில் காயும், பின்கழுத்தில் ஏர்கோன் காற்று நேராக அடிக்கும். சுவரில் இருக்கும் ரிமோட் பெட்டிக்குப் பூட்டு.

என் தோழி ஒருத்தி மாதவிலக்கு நாள்களில் அந்தக் காலை வகுப்புக்கே வருவதில்லை. வயிற்று வலியோடு இரண்டு மணி நேரம் அந்தக் குளிரில் உட்கார முடியவில்லை என்கிறாள். படிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு நிலைமை இருக்கக்கூடாது.

ஜாக்கெட் போட்டுக்கொள் என்று சொல்லாதீர்கள், போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதைச் சரிசெய்ய முடியுமா, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் பெரியவர் | திங்கள், இரவு 9.50

தங்கச்சி, நான் எண்பதுகளில் பினாங்கில் படித்தவன். எங்கள் வகுப்பறையில் ஏர்கோன் கிடையாது. மேலே மின்விசிறி, இரண்டு பக்கமும் ஜன்னல், வெளியே அகலமான வராந்தா. வேர்க்கும், கைக்குட்டையால் துடைத்துக்கொள்வோம். அதற்காக யாரும் வகுப்பை விட்டதில்லை. இந்த ஊர் வெயிலுக்கு நம் உடம்பு பழகியதுதான். ஏர்கோனைப் பாதி நேரம் அணைத்து வைத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கட்டடக்கலை மாணவன் | திங்கள், இரவு 10.35

ஐயா சொன்னதில் ஒரு பகுதிக்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கிறது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உடம்புக்கு இதமாக இருக்கிறதா இல்லையா என்பதை ஆறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள சுவர், கண்ணாடி, கூரை ஆகியவற்றிலிருந்து வரும் கதிர்வீச்சு வெப்பம், காற்றோட்டத்தின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, உடம்பு செய்யும் வேலை. ரிமோட்டில் தெரியும் எண் முதலாவதை மட்டும்தான் சொல்லும். மேற்கு ஜன்னலோரம் தோள் காய்வது கதிர்வீச்சால். காற்றை எவ்வளவு குளிர வைத்தாலும் அது போகாது. வெளியே வெயில் மறைப்பு வைக்காமல் அந்த அறைக்கு விடிவு இல்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் இந்த ஆறையும் ஒரே கணக்கில் சேர்த்து 1970-இல் புத்தகமாக வெளியிட்டார். அறையின் வெப்ப இதத்துக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7730 அதன்மேல்தான் நிற்கிறது. அவர் கணக்குப்படி ஓர் அறையை எவ்வளவு கச்சிதமாக வைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது அது பிடிக்காது. எல்லாரையும் திருப்திப்படுத்தும் ஒரே எண் என்று எதுவும் இல்லை.

பிறகு 1998-இல் டி டியர், பிரேகர் என்ற இருவர் நான்கு கண்டங்களில் உள்ள கட்டடங்களிலிருந்து ஏறத்தாழ 21,000 பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஜன்னலைத் தாங்களே திறந்து மூடக்கூடிய கட்டடங்களில் இருப்பவர்களுக்கு, வெளியே சூடு கூடக் கூட உள்ளேயும் கொஞ்சம் கூடுதல் சூடு இதமாகத் தெரிகிறது என்று கண்டார்கள். இதமான உள் வெப்பநிலையைக் கணக்கிட, வெளி வெப்பநிலையின் சராசரியை 0.31-ஆல் பெருக்கி 17.8-ஐக் கூட்ட வேண்டும். நம் ஊரில் சராசரி 27.5 என்று வைத்துக்கொண்டால் விடை 26.3. அதைச் சுற்றிச் சில டிகிரி மேலே கீழே இருந்தாலும் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். ஐயா வராந்தா ஓரத்தில் நன்றாகப் படித்ததற்குக் காரணம் இதுதான். 19.5 அந்த விடைக்கு ஏறக்குறைய ஏழு டிகிரி கீழே!

ஆனால் ஐயா, அந்தக் கட்டடம் காற்றுக்காகவே கட்டப்பட்டது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யு.எஸ்.எம்.) மிண்டன் வளாகம் முன்பு பிரிட்டிஷ் ராணுவ முகாம். ஏர்கோன் இல்லாத காலத்தில் எழுப்பிய அந்த மாதிரிக் கட்டடங்களில் உயரமான கூரையும் நீண்ட இறவாரமும் இருக்கும். இப்போதைய மண்டபங்கள் ஜன்னலே இல்லாத பெட்டிகள். அங்கே ஏர்கோனை அணைத்தால் அரை மணி நேரத்தில் மூச்சு முட்டும்.

பட்டர்வொர்த் டெக்னீஷியன் | செவ்வாய், காலை 6.40

வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். பெரிய கட்டடங்களில் ஏர்கோன் பராமரிப்புதான் என் தொழில். கல்லூரிக் கட்டடங்களும் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, உங்கள் மண்டபம் ஏன் குளிர்கிறது என்று சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியிடும். முந்நூறு பேர் என்றால் 30 கிலோவாட். மண்டபம் நிறைந்திருக்கும் என்று வைத்துத்தான் எந்திரத்தின் அளவைத் தீர்மானிப்பார்கள். வருவது அறுபது பேர் என்றால் 24 கிலோவாட் வெப்பம் அங்கே இல்லவே இல்லை. புதிய கட்டடங்களில் ஆள் குறைந்தால் விசிறியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய ஏ.எச்.யூ.-க்கு, அதாவது குளிர்ந்த காற்றை அறைக்குள் ஊதும் எந்திரத்துக்கு, ஒரே வேகம்தான். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரத்திலிருந்து வரும் ஆறேழு டிகிரித் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வால்வு திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருந்தால், தெர்மோஸ்டாட் என்ன சொன்னாலும் குளிர் வந்துகொண்டே இருக்கும். இந்த வால்வுக் கோளாறை நான் எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். சில இடங்களில் சென்சாரே ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அது சூட்டை உணர்ந்து, இன்னும் குளிர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ஈரப்பதம். உங்கள் கண்ணாடியில் ஈரம் படர்வது ஐஸ் தண்ணீர் கிளாஸ் வேர்ப்பது போலத்தான். நம் ஊர் வெளிக்காற்று 24 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே அதிலிருக்கும் நீர் வெளியே வந்துவிடும். ஏர்கோனுக்குக் காற்றைக் குளிர்விப்பதோடு அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றும் வேலையும் உண்டு. நீங்கள் 26 வைத்துவிட்டால் பழைய எந்திரத்தில் வால்வு மூடிக்கொள்ளும், நீர் பிழிவது நின்றுவிடும். சூடு 26-தான் காட்டும், ஆனால் கசகசவென்று இருக்கும். நாளாக நாளாகக் கம்பளத்தில் பூஞ்சை வாடை அடிக்கும். அதற்குப் பயந்துதான் பலர் குறைத்தே வைக்கிறார்கள்.

கடைசியாக, எனக்கு மனதில் உறுத்துவது இது. வெக்கையாக இருக்கிறது என்றால் ஐந்து நிமிடத்தில் எங்களுக்கு ஃபோன் வரும். குளிர்கிறது என்று ஃபோன் வருவதே இல்லை. பிள்ளைகள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிகிரி இறங்கும்; ஏற்றச் சொல்லி யாரும் கேட்காததால் அது திரும்ப ஏறாது. பத்து வருடத்தில் மண்டபம் 19-க்கு வந்து நிற்கும்.

செந்தூல்காரி | செவ்வாய், மதியம் 1.05

அண்ணா, ரொம்ப நன்றி. நாங்கள் யாருமே இதுவரை எழுத்தில் புகார் கொடுத்ததில்லை. எங்களுக்குள் புலம்பியதோடு சரி.

கே.எல். விரிவுரையாளர் | செவ்வாய், மாலை 5.30

நான் மேடைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு மணி நேரம் நின்று, நடந்து, உரக்கப் பேசுகிறேன். மேலே கோட்டு, தலைக்கு மேல் விளக்கு. உட்கார்ந்து குறிப்பெடுக்கும் மாணவரின் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை 1 என்று வைத்தால், மெதுவாக நடப்பவருக்கு அது 1.7-க்குப் பக்கத்தில் இருக்கும். துணி உடம்புச் சூட்டைத் தடுத்து வைக்கும் கணக்கிலும் அப்படித்தான்: மெல்லிய சுடிதாருக்கு 0.5 என்றால் கோட்டு சூட்டுக்கு 1. அதனால் 22 டிகிரி எனக்குச் சரியாகவும் கடைசி வரிசைக்குக் குளிராகவும் இருக்கிறது. அறையில் ரிமோட்டைக் கேட்கும் அதிகாரம் இருக்கும் ஒரே ஆள் நான்தான். என் உடம்பின் சௌகரியத்துக்கு மற்ற அறுபது பேரும் நடுங்குகிறார்கள். இது நியாயமில்லை என்பதால் இப்போது கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் பாடம் எடுக்கிறேன்.

குளிர் இருந்தால்தான் பிள்ளைகள் தூங்காமல் இருப்பார்கள் என்று சக ஆசிரியர்கள் சிலர் நம்புகிறார்கள். தூக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கிறது. நல்ல காற்று உள்ளே வராமல் கரியமில வாயு சேர்ந்தால் தலை கனக்கும், கொட்டாவி வரும். நம் நாட்டில் வேலையிடங்களின் உட்புறக் காற்றுக்கு 2010-இல் வந்த நடைமுறை விதி, அந்த வாயு 1,000 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,000 பங்கு) தாண்டக்கூடாது என்கிறது. அதே விதியில் வெப்பநிலை 23 முதல் 26 வரை, ஈரப்பதம் 40 முதல் 70 சதவீதம் வரை என்றும் இருக்கிறது. புகார் எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

ஹோஸ்டல் மேல்மாடி | செவ்வாய், இரவு 11.20

எல்லாரும் குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பினாங்கில் படிக்கிறேன். ஹோஸ்டலில் கடைசி மாடி, நேர் மேலே கான்கிரீட் தளம். பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அதை எங்கள்மேல் கக்குகிறது. இதை எழுதும்போது அறையில் 31 டிகிரி. ஒரே விசிறி, அதுவும் சூடான காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. கட்டிலில் கை வைத்தால் மெத்தை சுடுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவுகளில் பாயைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் படுத்திருக்கிறோம்.

எனக்கு நாள் முழுக்கக் கிடைக்கும் ஒரே நிம்மதி அந்தக் குளிர்ந்த லெக்சர் ஹால்தான். நீங்கள் புகார் கொடுத்து அதை 27 ஆக்கிவிட்டால் என் போன்றவர்கள் எங்கே போவோம்?

கட்டடக்கலை மாணவன் | புதன், காலை 8.15

தம்பி, உங்கள் வருத்தத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. பாஸ்டன் நகரில் 2016 வெப்ப அலையின்போது ஏர்கோன் உள்ள விடுதியில் இருந்தவர்களையும் இல்லாத விடுதியில் இருந்தவர்களையும் காலையில் எழுந்ததும் சோதித்துப் பார்த்தார்கள். ஹார்வர்டு ஆய்வு அது, 2018-இல் வெளிவந்தது. ஏர்கோன் இல்லாமல் தூங்கியவர்களுக்குப் பதில் சொல்லும் வேகம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாரும் இளவயதினர், ஆரோக்கியமானவர்கள். ராத்திரிப் புழுக்கம் மறுநாள் மூளையைப் பாதிக்கிறது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செந்தூல்காரி | புதன், இரவு 8.45

ஹோஸ்டல் தம்பி, யாருடைய நிம்மதியையும் பறிக்க நான் இதை ஆரம்பிக்கவில்லை. மண்டபத்தை 27 ஆக்கச் சொல்லவும் இல்லை. எம்.எஸ். 1525 என்று கட்டட எரிசக்திக்கு மலேசியத் தரம் ஒன்று இருக்கிறது. அதன் 2014 பதிப்பு 24 முதல் 26 வரை பரிந்துரைக்கிறது. அரசு அலுவலகங்களில் 24-க்குக் கீழே வைக்கக்கூடாது என்று 2011 ஆகஸ்டிலேயே உத்தரவு வந்தது. வெளியிலிருந்து வருபவருக்கு 24 டிகிரி நல்ல குளிர்ச்சிதானே. எனக்கு 19.5 வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் தேடிப் படித்தேன். பெர்லினில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களை 16 முதல் 33 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் உட்கார வைத்துக் கணக்கும் சொல் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். 2019-இல் வெளியானது. சூடு கூடியபோது பெண்களின் மதிப்பெண் கூடியது. ஆண்களுக்குக் குறைந்தது, ஆனால் அந்தக் குறைவு பெண்களின் ஏற்றத்தைவிடச் சிறியது. அதற்கு முன்பு 2015-இல் வந்த ஒரு டச்சு ஆய்வு, அலுவலகக் குளிர் அளவுகள் ஒரு நடுவயது ஆணின் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டவை, பெண்களின் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை அவை 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்றது. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். தேர்வும் அதே மண்டபத்தில்தான் எழுதுகிறோம். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

ஜெலுத்தோங் பெரியவர் | புதன், இரவு 9.30

எல்லாவற்றையும் படித்தேன். ஜன்னலே திறக்க முடியாத வகுப்பறையைக் கட்டியதுதான் முதல் தவறு என்பேன் இப்போதும். திறக்கும் ஜன்னலும் விசிறியும் இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

கே.எல். விரிவுரையாளர் | புதன், இரவு 10.05

ஐயா, ஜன்னல் வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் 2015, 2019 புகைமூட்டத்தின்போது ஜன்னலைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெடுஞ்சாலை ஓரத்து வளாகங்களில் லாரிச் சத்தத்தில் என் குரலே கேட்காது. கொசுவும் டெங்கியும் வேறு. 2016-இல் வெயில் தாங்காமல் கெடாவிலும் பெர்லிஸிலும் பள்ளிகளையே மூட வேண்டி வந்தது. திறக்கவும் மூடவும் முடிகிற அறைதான் இனி வேண்டும்.

கட்டடக்கலை மாணவன் | வியாழன், காலை 7.50

அதற்குப் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2019-இல் திறந்த எஸ்.டி.இ.4 கட்டடத்தில் ஏர்கோன் காற்றை வழக்கத்தைவிடச் சூடாகவே விடுகிறார்கள். கூடவே கூரை விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. உடம்பில் நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போல இருக்கும். வகுப்பறைகளும் ஸ்டூடியோக்களும் உள்ள கட்டடம் அது, நம்மைப் போன்ற அதே ஈர வெக்கை.

பட்டர்வொர்த் டெக்னீஷியன் | வியாழன், இரவு 8.20

விசிறி நல்ல யோசனை, டுடோரியல் அறைகளுக்குக் கட்டாயம் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: விளக்குக்குக் கீழே விசிறி சுற்றினால் மேசைமேல் நிழல் வெட்டி வெட்டி விழும், அரை மணி நேரத்தில் கண் வலிக்கும். விளக்குகளின் இடத்தைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். படிப்படியாக இறங்கும் பெரிய மண்டபத்தில் விசிறி சரிப்படாது, அங்கே எந்திரத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

புகாரை எப்படி எழுதுவது என்று கேட்டீர்களே. 'ரொம்பக் குளிர்கிறது' என்று மட்டும் எழுதினால் டெக்னீஷியன் வருவார், ரிமோட்டைப் பார்ப்பார், 24 என்று இருக்கும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அறை எண், நாள், மணி, எத்தனை பேர் இருந்தார்கள், எந்த வரிசை, மேசை மட்டத்தில் எத்தனை டிகிரி, இவ்வளவும் எழுதுங்கள். ஈரப்பதமும் காட்டும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. முன் வரிசை, நடு, பின் வரிசை மூன்றிலும் எடுங்கள். இடத்துக்கு இடம் மாறும். மூன்று கேள்வி கேளுங்கள்: குளிர்நீர் வால்வு வேலை செய்கிறதா, சென்சார் எங்கே இருக்கிறது, கால அட்டவணையில் பதிவான மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏ.எச்.யூ.-வை ஓட்ட முடியுமா. அறுபது பேர் வகுப்பைச் சின்ன மண்டபத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்குச் செலவும் இல்லை.

கட்டடப் பராமரிப்புப் பிரிவோடு எரிசக்தி மேலாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த எரிசக்திச் சிக்கனச் சட்டப்படி, வருடத்துக்கு 21,600 கிகாஜூல் தாண்டும் இடங்கள் பதிவுபெற்ற மேலாளரை நியமிக்க வேண்டும். மின்சாரத்தில் அது 60 லட்சம் யூனிட். பெரிய வளாகம் என்றால் அந்த வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு வேண்டாத குளிரை உண்டாக்க எரியும் கரண்டைக் குறைப்பது அவருடைய வேலை. அவர் உங்கள் பக்கம் நிற்பார்.

கே.எல். விரிவுரையாளர் | வியாழன், இரவு 9.15

நல்ல வழி. செந்தூல் மகளே, நீங்கள் எழுதும் கடிதத்தில் வகுப்புப் பிரதிநிதியோடு உங்கள் விரிவுரையாளரின் கையெழுத்தும் இருக்கட்டும். நான் என் துறையில் வேறு ஒன்று செய்யப்போகிறேன். ரிமோட் பெட்டிச் சாவியை அலுவலகத்தில் வைக்காமல் வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுக்கச் சொல்லி அடுத்த கூட்டத்தில் கேட்பேன். 24-க்குக் கீழே இறங்காதபடி எந்திரத்திலேயே எல்லை வைத்துவிட்டால் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

செந்தூல்காரி | வெள்ளி, காலை 10.40

இன்று காலை எடுத்துவிட்டோம். முன் வரிசை 21, நடு 20, பின் வரிசை 18.5. பின் வரிசைக்கு நேர் மேலே குளிர்காற்று வெளிவரும் இரண்டு டிஃப்யூசர் இருப்பதை இன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் தானும் கையெழுத்துப் போடுவதாக அவராகவே வந்து சொன்னார். கடிதம் திங்கட்கிழமை போகிறது.

ஹோஸ்டல் மேல்மாடி | வெள்ளி, மதியம் 3.10

அக்கா, உங்கள் கடித நகலை இங்கே போடுங்கள். அதே மாதிரி எங்கள் மாடிக்கும் எழுதுகிறேன். டெக்னீஷியன் அண்ணா, ஏர்கோன் கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்கமாட்டார்கள். வேறு என்ன கேட்கலாம்?

பட்டர்வொர்த் டெக்னீஷியன் | வெள்ளி, இரவு 7.55

கூரைத் தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு கேளுங்கள், ஏர்கோன் செலவில் சின்னப் பங்குதான் ஆகும். தேர்வு மாதத்தில் கீழ்த்தளத்தில் ஏர்கோன் உள்ள ஒரு படிப்பறையை ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி 12 மணிக்கு அறையில் எத்தனை டிகிரி, நடைபாதையில் எத்தனை டிகிரி என்று ஒரு வாரம் குறித்து அதோடு இணையுங்கள். அளந்த கணக்கு கையில் இல்லாமல் மட்டும் போகாதீர்கள் தம்பி.